ஒரு சொல்லை வைத்து ஓர் அகராதியை அளந்தபோது

மொழிபெயர்ப்பை முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொண்ட புதிதில், கடன் ஒப்பந்தம் ஒன்று என்னிடம் வந்தது. வீட்டையும் அதை ஒட்டிய நிலத்தையும் காட்டிக் கடன் வாங்கியிருந்த ஒரு குடும்பத்தார், தாங்கள் கையெழுத்திட்ட ஆங்கில ஆவணத்தில் என்னதான் எழுதியிருக்கிறது என்பதைத் தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள விரும்பினார்கள். கடன் கொடுத்தவருக்கு அந்தச் சொத்தின் மீது ‘ஃபர்ஸ்ட் சார்ஜ்’ உண்டு என்று அதில் ஒரு வரி இருந்தது. மேசையில் இருந்த கையடக்க ஆங்கிலம்–தமிழ் அகராதியைப் புரட்டினேன். ‘சார்ஜ்’ என்ற சொல்லுக்கு எதிரே கட்டணம், குற்றச்சாட்டு, பொறுப்பு, தாக்குதல், மின்னேற்றம் என்று காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட சில சொற்கள் வரிசையாக நின்றன. பணம் சம்பந்தப்பட்ட ஆவணம்தானே என்று முதற்சொல்லை எடுத்து, ‘முதல் கட்டணம்’ என எழுதினேன். கடன் திரும்பி வராவிட்டால் அந்தச் சொத்தை விற்றுக் கிடைக்கும் பணத்தில், கடன் கொடுத்த மற்ற எல்லோருக்கும் முன்பாகத் தமக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்பதே அந்த வரியின் பொருள். ‘முதல் கட்டணம்’ என்று படித்திருந்தால், ஏதோ விண்ணப்பக் கட்டணம் என்று நினைத்து அக்குடும்பத்தார் அதைக் கடந்து போயிருப்பார்கள். மூத்த வழக்கறிஞர் ஒருவர் படியைச் சரிபார்த்ததால் பிழை வெளியே போகாமல் நின்றது.

அன்றிலிருந்து எந்த அகராதி கைக்கு வந்தாலும், எத்தனை ஆயிரம் சொற்கள் உள்ளன என்று முன்னட்டையில் அச்சிட்டிருப்பதை நான் பார்ப்பதில்லை. நேராக ‘சார்ஜ்’ என்ற பதிவைத் திறந்து பார்க்கிறேன். ஒரே பொருள் கொண்ட சொற்களை எந்த அகராதியும் ஏறக்குறையச் சரியாகவே சொல்லிவிடும். பல பொருள் கொண்ட ஒரு சொல்லை அது எப்படிப் பிரிக்கிறது, எந்தப் பொருளை எந்தச் சூழலோடு கட்டி வைக்கிறது என்பதில்தான் அகராதி செய்தவர்களின் உழைப்பு தெரியும். இந்த மதிப்புரைக்காக நான் எடுத்துக்கொண்டது ‘ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி’; 2020இல் வெளிவந்த பத்தாம் பதிப்பின் அச்சு நூலையும், அதே அகராதியின் கட்டணமில்லாத இணையப் பக்கத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். இது ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே விளக்கம் தரும் அகராதி. தமிழில் ஒரு சொல்கூட இதில் இல்லை. இருந்தும் தமிழில் எழுதுகிறவர்களுக்கும் மொழிபெயர்ப்பவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்கிறேன் என்பதால், காரணங்களை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த அகராதியின் பிறப்பு ஆங்கில நாட்டில் நிகழவில்லை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஏ. எஸ். ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்ற இரு துணைவர்களுடன் தொகுத்த நூல் 1942இல் தோக்கியோவில் வெளிவந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை 1948இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. ஆங்கிலம் தாய்மொழியாக அமையாத மாணவர்களை எதிரே உட்காரவைத்துப் பாடம் சொன்ன ஆசிரியர்களின் கைப்பட்ட நூல் என்பதால், தாய்மொழிக்காரர் கேட்கவே மாட்டாத கேள்விகளுக்கு இதில் விடை கிடைக்கும். இந்த வினைச்சொல்லுக்குப் பின்னால் என்ன வரும், இந்தப் பெயர்ச்சொல்லுக்குப் பன்மை உண்டா, இந்தப் பொருளில் ‘வித்’, ‘ஆஃப்’ போன்ற எந்த முன்னிடைச்சொல்லைச் சேர்க்க வேண்டும் என்பன போன்ற கேள்விகள் அவை. ஹார்ன்பி வினைச்சொற்களின் வாக்கிய அமைப்புகளை எண்ணிட்டு இருபத்தைந்து வகையாகப் பிரித்திருந்தார். அந்த எண்கள் பிற்காலப் பதிப்புகளில் மறைந்து, அமைப்பே எழுத்தில் காட்டப்படுகிறது. படிப்பவருக்கு இது மிகவும் எளிது.

இனி அந்தப் பதிவுக்கு வருவோம். முதலில் பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் பணம், குற்றம், பொறுப்பு, மின்சாரம், தாக்குதல், மிகுந்த உணர்ச்சி என்று பொருளுக்கு ஒரு தலைப்புச்சொல் இடப்பட்டிருக்கிறது. நீண்ட பதிவை முதலிலிருந்து கடைசி வரை படிக்காமல், நாம் படித்துக்கொண்டிருக்கும் வாக்கியம் நீதிமன்றத்தைப் பற்றியதா, கடைத்தெருவைப் பற்றியதா என்று மட்டும் பார்த்து உரிய தலைப்புக்கு நேரே போய்விடலாம். என் பழைய கையடக்க அகராதி காற்புள்ளி போட்டுவிட்டு எனக்கே விட்டுவிட்ட வேலையை இது முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறது. சிறிய ஏற்பாடுதான், ஆனால் அவசரத்தில் அகராதியைப் புரட்டுகிறவர் தவறான கிளையில் போய் அமர்வதை இது பெருமளவு தடுக்கிறது.

பணத்தைக் குறிக்கும் பொருளில் நாம் நன்றாகத் தெரியும் என்று நினைத்திருக்கும் ஒன்று நம்மை ஏமாற்றுகிறது. தமிழ்நாட்டில் பேருந்தில் ஏறியவர் ‘பஸ் சார்ஜ் எவ்வளவு?’ என்று கேட்பது இயல்பு. அதையே ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தச் சொல்லை அங்கே போட முடியாது. பயணத்துக்குக் கொடுக்கும் பணத்துக்கு ஆங்கிலம் ‘ஃபேர்’ என்ற தனிச்சொல்லை வைத்திருக்கிறது. வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் கொடுப்பது ‘ஃபீ’, சாலையில் சுங்கச்சாவடியில் கொடுப்பது ‘டோல்’, குடியிருக்கும் வீட்டுக்குக் கொடுப்பது ‘ரென்ட்’. இவற்றை ஒரே கட்டத்துக்குள் அடுக்கி, ஒன்றுக்கும் மற்றதற்கும் உள்ள வேறுபாட்டை ஓரிரு வரிகளில் சொல்லும் ஒருபொருட்பன்மொழிக் குறிப்பு இந்த அகராதியின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று. தமிழில் வாடகையைத் தவிர்த்து மற்ற எல்லாவற்றையும் ‘கட்டணம்’ என்ற ஒரே சொல்லால் சமாளித்துவிடுகிறோம் என்பதால், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு எழுதுகிறவருக்கு இந்தக் கட்டம் இரட்டிப்புப் பயன் தரும். ‘சார்ஜ்’ என்ற சொல் ஒரு சேவைக்காகக் கேட்கப்படும் தொகையைக் குறிப்பது, ‘ப்ரைஸ்’ என்பது வாங்கும் பொருளின் விலையைக் குறிப்பது என்ற எளிய கோடு பள்ளிப் பாடங்களில் தெளிவாகச் சொல்லப்படுவதில்லை. ஆட்டோவுக்கும் அஞ்சலுக்கும் கூரியருக்கும் கொடுப்பவற்றை நாம் ‘சார்ஜ்’ என்று சொல்லிப் பழகிய பிறகு, அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதை ஓர் அகராதிதான் காட்ட வேண்டியிருக்கிறது.

கைப்பேசியை வைத்து நாம் தமிழில் செய்துகொண்டிருக்கும் ஒரு பாகுபாட்டை இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. ‘சார்ஜ் போடு’ என்றால் மின்சாரத்தில் இணைக்க வேண்டும்; ‘ரீசார்ஜ் பண்ணு’ என்றால் தொலைபேசி நிறுவனத்துக்குப் பணம் கட்ட வேண்டும். ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு சொற்களைப் பணத்துக்கொன்று, மின்சாரத்துக்கொன்று எனத் தமிழ்ப் பேச்சு தானாகவே பங்கிட்டுக்கொண்டது. பிரித்தானிய ஆங்கிலத்தில் பணம் கட்டுவதற்கு ‘டாப் அப்’ என்பார்கள். அங்கே ‘ரீசார்ஜ்’ என்றால் முதலில் மின்கலம்தான் நினைவுக்கு வரும். யாரும் வகுத்துக் கொடுக்காமல் மக்கள் பேச்சில் உருவாகும் இத்தகைய ஒழுங்குகளை நான் மிகவும் மதிக்கிறேன்.

குற்றத்தைக் குறிக்கும் பொருளில் இந்த அகராதி தன் முழு வலிமையையும் காட்டுகிறது. காவல்துறையோ நீதிமன்றமோ ஒருவர் மீது முறைப்படி குற்றம் சாட்டுவதை ஒரு பொருளாகவும், பொதுவெளியில் ஒருவர் மற்றொருவர் மீது பழி கூறுவதை இன்னொரு பொருளாகவும் பிரித்து, பின்னது முறைசார்ந்த நடைக்கு உரியது என்ற குறிப்பையும் சேர்த்திருக்கிறது. ‘சார்ஜ்’ என்ற வினைக்குப் பின் ‘வித்’ வரும், அதே பொருளுக்கு அருகில் நிற்கும் ‘அக்யூஸ்’ என்ற வினைக்குப் பின் ‘ஆஃப்’ வரும் என்பது எடுத்துக்காட்டு வாக்கியங்களிலேயே தடித்த எழுத்தில் தெரிகிறது. பணம் கேட்கும் பொருளில் அதே வினை ‘ஃபார்’ என்ற சொல்லோடு வரும். ஆக, பின்னால் வரும் சின்னஞ்சிறு சொல்லைப் பார்த்தே முன்னால் நிற்கும் வினை எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். இந்த ஒரு பழக்கத்தை என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் முதல் நாளிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். கைப்பேசியில் இருக்கும் ஒரு மொழிபெயர்ப்புச் செயலியிடம், ஒருவர் திருட்டுக் குற்றத்துக்காகச் ‘சார்ஜ்’ செய்யப்பட்டார் என்ற பொருள் தரும் ஆங்கில வாக்கியத்தின் முதற்பாதியை மட்டும் கொடுத்தபோது, ‘அவரிடம் கட்டணம் வசூலிக்கப்பட்டது’ என்று வந்தது. அடுத்து வரும் சொல் இல்லாமல் அந்த வாக்கியம் இரு பக்கமும் சாயக்கூடியதுதான். ஆனால் அந்த ஐயத்தைப் பயனருக்குத் தெரிவிக்காமல் ஒரு பக்கத்தை அது உறுதியாகச் சொல்லிவிட்டது.

செய்தித்தாள்களில் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுவே. இந்தியாவில் காவல்துறை புலனாய்வை முடித்து நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் இறுதி அறிக்கையை ‘சார்ஜ் ஷீட்’ என்றும் தமிழில் குற்றப்பத்திரிகை என்றும் சொல்கிறோம். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173ஆம் பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 193ஆம் பிரிவாக இருக்கிறது. இந்த அறிக்கை தாக்கலானதும் ஒருவர் மீது சட்டப்படி ‘சார்ஜ்’ வந்துவிட்டதாகப் பலர் எழுதிவிடுகிறார்கள். நீதிமன்றம் ஆவணங்களைப் படித்து, வழக்கை மேலே நடத்துவதற்குப் போதிய அடிப்படை இருப்பதாகக் கருதிய பிறகு தானே எழுத்தில் உருவாக்குவதுதான் சட்டத்தின் பார்வையில் ‘சார்ஜ்’. தமிழ்நாட்டு நீதிமன்ற வழக்கில் இதைக் ‘குற்றச்சாட்டு வனைதல்’ என்பார்கள். பானையை வனைவதுபோல் குற்றச்சாட்டுக்கு ஓர் உருவம் கொடுப்பதை இவ்வளவு அழகாகச் சொல்லும் தமிழ்த் தொடர் நம் கையில் இருக்க, ‘குற்றச்சாட்டுப் பதிவு’ என்று எழுதி அதை முதல் தகவல் அறிக்கையோடு குழப்ப வேண்டியதில்லை. போதிய அடிப்படை இல்லை என்று நீதிமன்றம் கருதினால் இந்தக் கட்டத்திலேயே வழக்கிலிருந்து ஒருவரை விடுவிக்கும், அது ‘டிஸ்சார்ஜ்’. விசாரணை முழுதும் நடந்து குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பாவது வேறு, அது விடுதலை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதற்கும் மின்கலம் வடிந்துபோவதற்கும் அதே ‘டிஸ்சார்ஜ்’ தான் என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு சொல்லுக்கு முன்னால் ஒட்டிய சிறு முன்னொட்டு எத்தனை துறைகளில் வேலை செய்கிறது என்பது விளங்கும்.

இந்திய நீதிமன்ற நடைமுறையின் இந்த அடுக்குகளை எல்லாம் இந்த அகராதி சொல்லவில்லை. உலகம் முழுவதும் கற்போருக்கான ஒரு நூலிடம் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆனால் அது போட்டுக் கொடுக்கும் முதற்கோடு சரியான இடத்தில் விழுந்திருப்பதால், அதன் மேல் நம் நாட்டு விவரங்களை நாமே எழுதிக்கொள்ள முடிகிறது.

பொறுப்பைக் குறிக்கும் பொருளில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் ஒன்றைப் பொறுப்பில் வைத்திருப்பவர். நடுவில் ‘த’ என்ற சிறு சொல்லைச் சேர்த்து ‘இன் த சார்ஜ் ஆஃப்’ என்றால் ஒருவருடைய பொறுப்பில் வைக்கப்பட்டிருப்பவர். செவிலி குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார் என்பது முதலாவது. குழந்தை செவிலியின் பொறுப்பில் இருக்கிறது என்பது இரண்டாவது. அந்தச் சிறு சொல் விழுந்துவிட்டால், குழந்தை செவிலியைப் பார்த்துக்கொள்வதாகிவிடும். தமிழில் வேற்றுமையுருபு செய்து முடித்துவிடும் இந்த வேலையை ஆங்கிலம் ஒரு சுட்டுச்சொல்லிடம் ஒப்படைத்திருக்கிறது. அதனால்தான் தமிழர்களுக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. நம் அலுவலகங்களில் ‘இன்சார்ஜ்’ என்பதை ஒரு பதவிப் பெயராகவே ஆக்கி, ‘இன்சார்ஜைப் போய்ப் பாருங்கள்’ என்கிறோம். தலைமையாசிரியர் இல்லாத பள்ளியில் மூத்த ஆசிரியர் ‘பொறுப்புத் தலைமையாசிரியர்’ ஆகிறார். இரண்டு இருக்கைகளைப் பார்க்கும் அதிகாரிக்குக் ‘கூடுதல் பொறுப்பு’ என்று ஆணை வருகிறது. அதே அதிகாரியிடம் தவறு நேர்ந்தால் ‘சார்ஜ் மெமோ’ கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களிடையே ‘பதினேழு பி’ என்றாலே என்னவென்று தெரியும். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் அந்தப் பிரிவின்கீழ் வருவது அந்தக் குறிப்பாணை. ‘சார்ஜ் எடுத்தார்’ என்பதும் ‘சார்ஜ் கொடுத்தார்கள்’ என்பதும் ஒரே அலுவலக நடைக்கூடத்தில் முற்றிலும் எதிரெதிரான செய்திகளாக ஒலிக்கின்றன.

மின்சாரப் பொருளில் அகராதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விளக்கம் சுருக்கமாகவும் சரியாகவும் இருக்கிறது. தமிழில்தான் நமக்குள் ஒற்றுமை இல்லை. தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்கள் துகளுக்கு உள்ள பண்பை ‘மின்னூட்டம்’ என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘ஏற்றம்’ என்கின்றன. கூலும் என்ற அலகால் அளக்கப்படும் அந்தப் பண்பு வேறு, மின்கலத்தில் ஆற்றலைச் சேர்த்து வைக்கும் செயல் வேறு என்பதால், முன்னதற்கு மின்னூட்டம், பின்னதற்கு மின்னேற்றம் என்று நான் பிரித்து எழுதுகிறேன். தாக்குதல் என்ற பொருளும் தெளிவாகவே இருக்கிறது. இந்திய ஆங்கிலம் ‘லத்தி சார்ஜ்’ என்று உருவாக்கிக்கொண்டதைத் தமிழ் ‘தடியடி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. விருந்தில் கோப்பையை நிரப்புதல், துப்பாக்கியில் மருந்து ஏற்றுதல் ஆகியவை இறுதியில் வந்து போகின்றன. அவை அரிதாகப் பயன்படுபவை. வரிசையில் அவற்றைப் பின்னுக்குத் தள்ளியது சரியான முடிவு.

இந்த வரிசையைப் பற்றித்தான் எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து இருக்கிறது. இன்று எந்தப் பொருள் அதிகம் பயன்படுகிறதோ அதை முதலில் வைப்பது கற்போருக்கான அகராதிகளின் வழக்கம். தேடி எடுக்க அது வசதியானது. ஆனால் இப்படி அடுக்கும்போது, பணத்துக்கும் குற்றத்துக்கும் மின்சாரத்துக்கும் ஒரே சொல் ஏன் வந்தது என்ற கேள்வி பதில் இல்லாமல் நின்றுவிடுகிறது. பதில் அதே இணையப் பக்கத்தின் அடியில், சொற்பிறப்புக் குறிப்பில் இருக்கிறது. அதைத் தேடிப் போய்ப் படிப்பவர்கள் மிகக் குறைவு. சக்கரம் கொண்ட வண்டியைக் குறிக்கும் ‘கர்ருஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து, வண்டியில் பாரம் ஏற்றுதல் என்ற பொருளில் ஒரு வினை பிற்கால லத்தீனில் பிறந்தது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘சார்ஜ்’ ஆனது. கார், கார்கோ, கேரி ஆகிய சொற்களும் அதே வண்டியின் வழித்தோன்றல்களே. பாரம் ஏற்றுதல் என்ற அந்த முதற்பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பதிவை மறுபடி படித்துப் பாருங்கள். துப்பாக்கியில் மருந்தும் மின்கலத்தில் மின்சாரமும் நேரடியாகவே ஏற்றப்படுகின்றன. பணம் ஒருவர் மீது ஏற்றப்படும் செலவு. பொறுப்பு ஒருவர் தோளில் வைக்கப்படும் சுமை. குற்றச்சாட்டு ஒருவர் தலையில் சுமத்தப்படும் பழி. நான் அன்று தவறாக எழுதிய சொத்தின் மீதான ‘சார்ஜ்’ என்பதும் அந்தச் சொத்து சுமந்துகொண்டிருக்கும் ஒரு பாரம்தான். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் நூறாவது பிரிவு அதை அடமானத்திலிருந்து பிரித்துச் சொல்கிறது: அடமானத்தில் சொத்தின் மீதான உரிமையில் ஒரு பகுதியே கடன் கொடுத்தவருக்கு மாறுகிறது, ‘சார்ஜ்’ என்பதில் அப்படி எதுவும் மாறாமல், பணத்துக்கு ஈடாகச் சொத்து நிற்கிறது. இந்த வேரை அன்று ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால், கட்டணம் என்ற சொல்லை நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

தமிழ் வாசகருக்கு இந்த வேர் மற்றவர்களைவிட எளிதில் விளங்கும் என்பதில் எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு. ஏனென்றால் தமிழும் இதே பாதையில் தனியாக நடந்திருக்கிறது. நாமும் வண்டியில் சுமை ஏற்றுகிறோம், பழியைச் சுமத்துகிறோம், வரியைச் சுமத்துகிறோம், மின்னேற்றுகிறோம். ‘பொறுப்பு’ என்ற சொல்லே பொறுத்தல், அதாவது சுமத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. பழந்தமிழில் பொறை என்றால் பாரம். வீட்டுப் பொறுப்பைச் சுமக்கிறார் என்று நாம் சொல்லும்போது, ஒரு பொருளை இரண்டு முறை சொல்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ‘பொறுப்பேற்றார்’ என்பதில் உள்ள ஏற்றல், ஒன்றைப் பெற்றுக்கொள்வதைக் குறிக்கும் ‘ஏல்’ என்ற வேரிலிருந்து வந்தது. ‘மின்னேற்றினார்’ என்பதில் உள்ள ஏற்றுதல் ‘ஏறு’ என்பதன் பிறவினை. ஒலி ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. தாக்குதல் என்ற பொருளுக்கு மட்டும் தமிழில் இந்தச் சுமைக் குடும்பத்திலிருந்து பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. பாய்தல், மோதுதல் என்றுதான் எழுதுகிறேன்.

அரசியலமைப்பிலும் இந்த வேர் உதவுகிறது. ஆண்டு நிதிநிலை அறிக்கையைப் பற்றிய 112ஆம் உறுப்பு, சில செலவுகள் இந்தியத் தொகுப்பு நிதியின் மீது ‘சார்ஜ்’ செய்யப்பட்டவை என்கிறது. குடியரசுத் தலைவரின் ஊதியமும் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியமும் அவற்றில் அடங்கும். அடுத்து வரும் 113ஆம் உறுப்பின்படி இவற்றை நாடாளுமன்றம் விவாதிக்கலாம். வாக்கெடுப்புக்கு விட முடியாது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இதை மனப்பாடம் செய்துகொண்டு, அந்தச் சொல் அங்கே ஏன் வந்தது என்று தெரியாமலே தேர்வறைக்குப் போகிறார்கள். அந்த நிதி தானாகவே சுமக்க வேண்டிய பாரம் இது என்று ஒரு முறை சொல்லிவிட்டால், பிறகு மனப்பாடத்துக்கு வேலை இல்லை.

குறைகள் என்று சொல்ல வேண்டுமானால், எடுத்துக்காட்டு வாக்கியங்களில் பெரும்பகுதி பிரித்தானிய வாழ்க்கையிலிருந்து வருகிறது. அந்த நாட்டு உணவகத்தையோ வங்கியையோ அறியாத மாணவருக்குச் சொல்லோடு சேர்ந்து சூழலும் புதிதாக இருக்கிறது. விளக்கங்களைப் பெரும்பாலும் மூவாயிரம் அடிப்படைச் சொற்களுக்குள்ளேயே எழுதியிருப்பது நல்ல கட்டுப்பாடு என்றாலும், அந்த மூவாயிரம் சொற்களே கைவராத நிலையில் இருக்கும் கிராமப்புற மாணவரின் கையில் இதைக் கொடுத்தால் அவர் மேலும் தளர்ந்துபோவார்; அவருக்குத் தொடக்க நிலை அகராதியே உகந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அது எந்தக் கற்றல் படிநிலைக்கு உரியது என்று குறித்திருப்பது ஆசிரியர்களுக்குப் பயன்படும். அச்சு நூல் மிகவும் கனமானது, எழுத்து சிறியது. மாலை நேரத்தில் என் கண்கள் அதற்கு ஒத்துழைப்பதில்லை என்பதால் இணையப் பக்கத்தையே அதிகம் பயன்படுத்துகிறேன். அங்கே பிரித்தானிய, அமெரிக்க ஒலிப்புகளைக் கேட்கவும் முடிகிறது. ஆனால் விளம்பரங்களுக்கு நடுவே நீண்ட பதிவைப் படிக்கும்போது கவனம் சிதறுகிறது. பல பொருள் கொண்ட சொல்லுக்கு, எல்லாப் பொருளையும் ஒரே பார்வையில் விரித்துக் காட்டும் அச்சுப் பக்கமே இன்னும் மேலானது.

தமிழ் நிகர்ச்சொல்லுக்கு இதனோடு இன்னொரு நூலை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அ. சிதம்பரநாதச் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் என் மேசையில் இதன் பக்கத்திலேயே இருக்கிறது. கணினிக் காலத்துச் சொற்கள் அதில் இருக்க முடியாது; ஆனால் மறந்துபோன நல்ல தமிழ்ச் சொல் ஒன்று அதில் காத்திருக்கும் என்ற நம்பிக்கையோடுதான் ஒவ்வொரு முறையும் அதைத் திறக்கிறேன். முதலில் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் எந்தக் கிளை என்று முடிவு செய்துவிட்டு, பிறகு அங்கே போய்ச் சொல் தேடுவது என் முறை. இந்த வரிசையை மாற்றினால் மீண்டும் ‘முதல் கட்டணம்’ வந்துவிடும்.

கல்லூரி மாணவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், செய்தியாளர்கள், அரசு அலுவலகங்களில் ஆங்கிலக் கோப்புகளைத் தமிழாக்குகிறவர்கள் ஆகியோருக்கு அச்சு நூலை வாங்கிக்கொள்ளும்படி சொல்வேன். புதிய பதிப்பின் விலை அதிகம் என்று தோன்றினால், பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும் முந்தைய பதிப்பே போதும், ‘சார்ஜ்’ போன்ற பழஞ்சொற்களின் பதிவு பதிப்புக்குப் பதிப்பு பெரிதாக மாறுவதில்லை. என் படியில் அந்தப் பதிவின் தலைப்புக்கு மேலே, பென்சிலால் ‘சுமை’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.